வீட்டுக்காரர் மூடிய மூடி

மாடிப்படியில் பாதி இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள் சின்னவள். ஒரு கை மூக்கில், மறு கையில் போன். ஊரில் இருக்கும் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, நாத்தம்னா நாத்தம், அப்படியொரு நாத்தம். சொன்னா உனக்குச் சோறு இறங்காது. கீழ் வீட்டுக் கதவு சாத்தித்தான் இருக்கு. சாத்தின கதவுக்கு அடியிலேர்ந்து வருது. எதையோ ஊறப்போட்டுட்டு மறந்து போன மாதிரி. மனுசங்க குடியிருக்கிற வீடாக்கா இது? அத்தான்கிட்டக் கேட்டுச் சொல்லு, நான் என்ன பண்றதுன்னு."

மூக்கைப் பிடித்திருந்ததால் குரல் சளி பிடித்ததுபோல் போயிற்று. அக்கா பதிலுக்கு முதலில் கேட்டதே, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றுதான்.

பிறந்த வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவள் சின்னவள். கல்யாணமாகி, கடல் தாண்டி வந்து, வேலை தேடிக்கொண்டு, கடைசியில் புருஷனோடு சேர்ந்து ஒரு வீடே வாங்கிய பிறகும் அந்தப் பெயர் வளரவில்லை. வங்கிக் கடனில் வாங்கிய பழைய மாடி வீடு. மேலே இவர்கள், கீழே வாடகைக்கு. கீழ் வாடகை வந்தால்தான் கடன் அடையும். கீழே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் இவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அதனால் வாங்கிய நாள் முதல் அவளுக்குத் தூக்கம் குறைந்து கேள்வி கூடிவிட்டது. யாருக்கு விடுவது, எப்படி நம்புவது, சுவரில் ஆணி அடிக்க விடலாமா, குழாய் ஒழுகினால் யார் செலவு, சொல்லாமல் உள்ளே போய்ப் பார்க்கலாமா, தெரிந்தவர்களுக்கு விட்டால் வாடகை கேட்க வாய் வருமா. பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்பாள், பல் தேய்த்துக்கொண்டு கேட்பாள். எல்லாக் கேள்வியும் அக்கா வழியாக அத்தானுக்குப் போகும். அத்தான் ஊரில் சில வீடுகளை வாடகைக்கு விட்டிருந்தார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

"வாடகைக்கு விடுறதுன்னா பொண்ணு குடுக்கிற மாதிரி" என்று ஆரம்பிப்பார். "குடுக்கிற வரைக்கும்தான் நாம விசாரிக்கலாம். குடுத்தப்புறம் அவன் ராஜ்ஜியம்."

வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி அவர்தான் குறை கண்டுபிடித்தார். கீழ் வீட்டு வாசலுக்கு முன்னால் நடைபாதையில் துருப்பிடித்த இரும்பு மூடி ஒன்று கிடந்தது.

"அது என்னம்மா, யானை மிதிச்ச தட்டு மாதிரி?"

"மூடி அத்தான். பழசு. முன்னாடியே இருந்தது."

"வீடு பாக்க வர்றவன் கண்ணு முதல்ல போறது வாசலுக்குத்தான். அங்க இப்படி அசிங்கமா ஒண்ணு கிடந்தா எவன் வருவான்? மூடிடச் சொல்லு அவரை."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. புருஷன் டெலிவரி வண்டி ஓட்டுபவன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, லீவு நாளெல்லாம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடைபாதை முழுக்கத் தானே டைல்ஸ் ஒட்டினான். வெள்ளையில் பொடிப்பொடியாக நீலப் பூ. பூவை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஒட்டி முடித்து ஈரத்துணியால் துடைத்தபோது வாசல் கல்யாணப்பெண் மாதிரி இருந்தது. அத்தனை கேள்வி கேட்டவள், அந்த மூடி அங்கே எதற்கு இருக்கிறது என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

குடி வந்தவர்கள் மூன்று பேர். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கும் ஒரு பெண், பேக்கரியில் மாவு பிசையும் அவள் புருஷன், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். தையல்காரப் பெண் வயதில் மூத்தவள், காதோரம் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். ஆனாலும் இவளை வாய் நிறைய "அக்கா" என்றாள். வீடு வாங்கினால் வயதும் கூடிவிடும் போலிருக்கிறது என்று சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளூரக் கொஞ்சம் இனித்தது.

நாற்றம் பிறகுதான் வந்தது. முதலில் எலி செத்த மாதிரி. பிறகு எலி குடும்பத்தோடு செத்த மாதிரி.

சின்னவளின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. அவள் வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில். அறைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் பிரித்துக் குவிப்பது. மனிதர்கள் படுத்தெழுந்து விட்டுப்போகும் சகலமும் அவள் கைவழியாகப் போகும். வாந்தி, ரத்தம், எண்ணெய், பெயர் சொல்ல முடியாத ஈரங்கள். பகலெல்லாம் ஊரான் அழுக்கைத் தொட்டுவிட்டு வருவதால் தன் வீடு மட்டும் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் அவளுக்கு. எதைத் தொட்டாலும் ஈரக் காகிதத்தால் துடைப்பாள். துடைத்ததைக் குப்பையில் போட்டால் குப்பையும் நாறுமே என்று கக்கூஸில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுவாள். கரைந்துவிடும் என்று பாக்கெட்டில் படம் போட்டிருந்தது. பீங்கானின் விளிம்பில் வாசனைக் கட்டி வைத்த நீல நிறக் கூண்டு தொங்கும். போன மாதம் ஒன்று கழன்று உள்ளே விழுந்தபோது கையை விட்டு எடுக்க அருவருப்பாக இருந்தது. அதையும் இழுத்துவிட்டாள். போன சனியன் போகட்டும் என்று புதிதாக ஒன்று மாட்டினாள்.

ஒருநாள் சலவைக் கூடத்தில் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தபோது தையல்காரப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, பாத்ரூம் பக்கம் நிக்க முடியலக்கா. தைச்சுக் குடுத்த துணியெல்லாம் திரும்பி வருது. நாறுதுன்னு மூஞ்சில வீசாத குறை."

"எங்களுக்கும் மேல வரைக்கும் வருது. நான் கேக்கணும்னு இருந்தேன். என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நாங்க என்ன பண்ணோம்? வீட்டுக்காரர் மூடிட்டாருல்லக்கா, அதான். அதத் திறந்தாத்தான் வழி."

"திறக்க வேண்டியதுதானே?"

"நாங்க எப்படித் திறக்கிறது? நீங்க அவர்கிட்டச் சொல்லுங்களேன்."

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் போய் அவர்கிட்ட என்னத்தச் சொல்றது? நீங்கதான் சொல்லணும்."

"நான் சொன்னாக் கேப்பாரா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேப்பாரு."

போனை வைத்த பிறகு சின்னவள் ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்தப் பெண்ணின் புருஷன் எதையோ மூடி அடைத்து வைத்திருக்கிறான், பெண்டாட்டி சொன்னால் கேட்கமாட்டான், ஊரான் பெண்டாட்டி சொன்னால் கேட்பானாம். என்ன குடும்பம் இது. நாற்றத்தின்மேல் இருந்த அருவருப்பு ஆட்கள்மேல் ஏறியது.

அத்தானுக்கு விஷயம் போனதும் உடனே பதில் வந்தது.

"நான் என்ன சொன்னேன்? குடுத்தப்புறம் அவன் ராஜ்ஜியம். அந்தாளு பாத்ரூம் ஓட்டையில சிமெண்டையோ சாக்கையோ வெச்சு அடைச்சிருக்கான். சில பேருக்கு அது ஒரு வியாதி. சொல்லாமக்கொள்ளாம உள்ள போ. மூலை முடுக்கெல்லாம் பாரு. பாத்துட்டு அங்கயே சொல்லிடு, வேற வீடு பாத்துக்கங்கன்னு. மூஞ்சியக் கடுமையா வெச்சுக்க. நீ சிரிச்சா காரியம் கெட்டுடும்."

புருஷனுக்கு லீவு கிடைத்த ஒரு பகலில் அவள் போனாள். அவன் வரவில்லை. "எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு, நீ போ" என்று மேலேயே இருந்துகொண்டான். அவள் பெரிய ஷால் ஒன்றை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கதவைத் தட்டினாள். திறந்ததும் சொல்லாமலே உள்ளே நுழைந்தாள்.

ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் தோல். தைத்த துணிகளெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் கட்டப்பட்டு, மூச்சுமுட்டித் தொங்கின. தரை துடைத்த ஈரம் காயவில்லை. சின்னவள் அதையெல்லாம் பார்த்தாள், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிரிட்ஜைக்கூடத் திறந்தாள். உள்ளே பால், முட்டை, கழுவி வைத்த கீரை.

தையல்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"பிரிட்ஜு பாத்தாச்சா? அலமாரியும் திறந்துதான் இருக்கு. எங்க உள்பாவாடையெல்லாம் அதுலதான் இருக்கு, பாத்துடுங்க."

"நான் அதுக்கு வரல."

"அப்ப எதுக்கு வந்தீங்க? முகத்துக்குக் கட்டுப்போட்டுக்கிட்டு. எங்களுக்கு என்ன தொத்துநோயா?"

அத்தான் சொன்னபடி சின்னவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். ஷாலுக்குப் பின்னால் அது யாருக்கும் தெரியவில்லை. "இங்க பாருங்க. இப்படி நாறடிச்சு வெச்சா எங்களுக்குச் சரிப்படாது. வேற வீடு பாத்துக்கங்க."

பெண் கழுத்து நாடாவை உருவி மெஷின்மேல் போட்டாள். "புள்ளைக்கு இங்கதான் பள்ளிக்கூடம். எனக்குத் துணி குடுக்கிற ஜனமெல்லாம் இந்தத் தெருதான். எங்கள எங்க போகச் சொல்றீங்க?" என்றாள். பிறகு, "சரி. பாத்ரூம மட்டும் பாத்துட்டு இதே வார்த்தையச் சொல்லுங்க. வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின்மேல் பழைய துணி அடைத்து அதன்மேல் ஒரு செங்கல் வைத்திருந்தது. "பாத்தீங்களா, அடைச்சுத்தானே வெச்சிருக்கீங்க" என்று சின்னவள் வாயெடுத்தாள். அதற்குள் பெண் செங்கல்லை நகர்த்தித் துணியை உருவினாள்.

சரியாக அந்த நேரத்தில் மேலே தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது.

சுவருக்குள் ஏதோ தொண்டையைக் கனைத்தது. அந்தக் கனைப்பு மேலிருந்து கீழே இறங்கி வந்தது. தரையின் ஓட்டையில் முதலில் குமிழி. பிறகு சாம்பல் நிறத்தில் தண்ணீர். பிறகு சாம்பல் நிறம் இல்லாத தண்ணீர். அது அவசரமே இல்லாமல், குடியிருக்க வந்ததுபோல் மெதுவாகப் பரவியது. வெள்ளை வெள்ளையாக ஈரக் காகிதங்கள், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கரையாமல். அவற்றோடு சிக்கிய ஒரு பிடி முடி, நீளமாக, செம்பு நிறச் சாயம் போட்டது. கடைசியாக, பல்லிளித்துக்கொண்டு, நீல நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூண்டு. மிதந்து வந்து சின்னவளின் செருப்பில் முட்டி நின்றது.

அவள் நகரவில்லை. நகர முடியவில்லை. தையல்காரப் பெண் தன் கட்டை முடியை ஒருமுறை கையால் தடவிக்கொண்டாள். சின்னவளின் செம்பு நிறப் பின்னல் ஷாலுக்கு வெளியே இடுப்புவரை கிடந்தது.

வயிறு சரியில்லாத மனிதன் மேலே மறுபடியும் தண்ணீரை இழுத்தான். சின்னவள் ஷாலை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, தன் நீலப் பூக்களின்மேலேயே வாந்தி எடுத்தாள்.

பெண் பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள், "அன்னிக்கே போன்ல சொன்னேனே. வீட்டுக்காரர் மூடிட்டாருன்னு."

"நான்… உங்க வீட்டுக்காரர்னு நினைச்சேன்."

"எங்க வீட்டுக்காரர்தானே அவரு."

"இல்ல. உங்க புருஷன்."

பெண் அவளையே பார்த்தாள். "இவரா? இவரு எதுக்கு மூடணும்? வீடு பாக்க வந்த அன்னிக்கு உங்க புருஷன்தான் அந்த இரும்பு மூடி மேல டைல்ஸ் ஒட்டிட்டு இருந்தாரு. இவரு கேட்டாரு, சார், அது சாக்கடைக் குழி மூடியாச்சே, நாளைக்கு அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்கன்னு. அதெல்லாம் அடைக்காது பிரதர்னு சொன்னாரு. புருஷன இவருன்னுதான் நான் சொல்லுவேன். வாடகை வாங்கறவரத்தான் வீட்டுக்காரர்னு சொல்லுவேன்."

சின்னவளின் பிறந்த வீட்டில் வீட்டுக்காரர் என்றால் புருஷன்தான். அவர்கள் யாரும் வாடகை வீட்டில் இருந்ததில்லை. இங்கே வந்து அவள் வாடகைக்கு இருந்தபோதும் ஓனர் என்றுதான் சொல்லிப் பழக்கம். வாடகை வாங்குகிறவர்களை வீட்டுக்காரர் என்று கூப்பிடுவார்கள் என்பதை அவள் தன் வீட்டை வாடகைக்கு விட்ட பிறகும் யோசிக்கவில்லை. அவர் மூடினார், நீ சொன்னால் கேட்பார். அந்தப் பெண் ஒரு சொல்கூடத் தவறாகச் சொல்லவில்லை.

புருஷன் சுத்தியலோடு இறங்கி வந்தான். மூடிக்கு மேலிருந்த பூவெல்லாம் உடைந்தது. மூடியைச் சுற்றி அவன் போட்டிருந்த சிமெண்ட் பெயரவே மாட்டேன் என்றது. சாக்கடை உறிஞ்சும் லாரிக்காரர் வந்து தன் கடப்பாரையையும் சேர்த்துப் போட்டார்.

"எவன் இதுக்கு மேல ஒட்டினது?" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். "எவனோ, நல்லா ஒட்டியிருக்கான். உடைக்கவே வரல."

மூடி திறந்தபோது எழுந்த நாற்றத்துக்குத் தெருநாய்கூட விலகிப் போயிற்று. லாரிக்காரர் கொக்கியை விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது, கயிறு மாதிரி. ஈரக் காகிதங்கள் முறுக்கேறி, கொழுப்புப் பூசி, அவள் முடியால் பின்னப்பட்ட கயிறு. ஊரான் அழுக்கை ஒட்டவிடக்கூடாது என்று அவள் துடைத்த ஒவ்வொரு துடைப்பும் அதில் இருந்தது. சலவைக் கூடத்தில் அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இவ்வளவு கேவலமான ஒன்றைப் பார்த்ததில்லை. முகம் சுளிக்கலாம் என்றால், யாரைப் பார்த்துச் சுளிப்பது?

அத்தானின் மெசேஜ் சாயந்திரம் வந்தது. "நான் மூடத்தானே சொன்னேன். ஒட்டவா சொன்னேன்? மேல ஒரு பூந்தொட்டிய வெச்சிருக்கலாம்." அவள் முதல்முறையாக அவருக்குப் பதில் அனுப்பவில்லை.

மறுநாள் வாளியும் துடைப்பமுமாகக் கீழே போய், அந்தக் குளியலறையைத் தானே கழுவினாள். மூக்கில் எதுவும் கட்டவில்லை. தையல்காரப் பெண் வேண்டாம் என்று தடுக்கவில்லை. மெஷினை நிறுத்தவும் இல்லை. கழுவி முடித்துச் சின்னவள் கதவோரம் நின்றாள்.

"தெரியாமப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எங்கயும் போக வேணாம்."

மெஷின் நின்றது. "நேத்தே பேக்கரிப் பக்கம் வேற வீடு பாத்துட்டோம், தங்கச்சி" என்றாள் பெண்.

அக்கா என்ற அழைப்பு தங்கச்சி என்று மாறிவிட்டது சின்னவளுக்கு அப்போது உறைக்கவில்லை. "இப்பத்தான் நாத்தம் போயிடுச்சே. பள்ளிக்கூடம்? உங்க துணி குடுக்கிற ஆளுங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு பஸ்ல போவா. துணிக்காரங்களும் வேணும்னா தேடி வருவாங்க." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "சாக்கடைய நான் பொறுத்துக்கிட்டேன். எத்தனை நாளு செங்கல்ல வெச்சு அமுக்கிக்கிட்டு இருந்தேன். ஆனா நீங்க துணியக் கட்டிக்கிட்டு என் பிரிட்ஜத் திறந்து பாத்தீங்கல்ல. எம்புள்ள குடிக்கிற பால மோந்து பாக்கிற மாதிரி. இனிமே உங்க மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிதான் தெரியும். அதோட ஒரே வீட்டுல இருக்க முடியாது."

சின்னவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். குளித்தாள். சோப்புப் போட்டு மறுபடியும் குளித்தாள். போகவில்லை.

அவர்கள் போய், கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. வங்கியை நினைத்துப் புருஷன் கூடுதல் ஓட்டம் ஓடினான். வீடு பார்க்க யாரோ வருகிறார்கள் என்றதும் அக்கா போனில் கெஞ்சினாள்.

"முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கன்னு கட்டாயம் கேப்பாங்க. சுத்தம் பத்தாதவங்க, நாங்களே காலி பண்ணச் சொல்லிட்டோம்னு சொல்லிடு. அத்தான் சொல்லச் சொன்னாரு. அப்பத்தான் வர்றவங்களும் பயந்து சுத்தமா இருப்பாங்களாம். உளறி வெச்சுடாத சின்னவளே, கடன் கழுத்துல நிக்குது."

வந்தவர்கள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். அம்மா சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள். வீடு பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. வாசலுக்கு வந்ததும் கேட்டாள், "முன்னாடி இருந்தவங்க ஏன்மா போனாங்க?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அத்தான் சொல்லச் சொன்னது நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்ல நினைத்தபோது வாய்க்குள் ஈரக் காகிதம் கசந்தது.

"வீட்டுக்காரர் சரியில்லம்மா" என்றாள்.

"ஐயோ பாவம்" என்றாள் அம்மா. "குடியா?"

அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளத் தாராளமாக இடம் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பேக்கரியில் மாவு பிசையும் ஒரு நல்ல மனிதன் குடிகாரனாகிவிடுவான், வீடும் நிறைந்துவிடும்.

"அவரு தங்கமான மனுசன்மா" என்றாள். "நான் சொன்னது எங்கள. நாங்கதான் வீட்டுக்காரங்க."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடைபாதையில் நீலப் பூக்களுக்கு நடுவே, பூசாத சிமெண்டுக்குள், அந்த இரும்பு மூடி துருவோடு கிடந்தது. அம்மா செருப்பு நுனியால் அதைத் தொட்டாள்.

"இது எதுக்கு?"

சின்னவள் கதவோரம் மாட்டியிருந்த கொக்கியை எடுத்து வந்து, குனிந்து, மூடியைத் தூக்கிக் காட்டினாள். மகள் இரண்டடி பின்னால் போனாள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மேல நாங்க இழுத்துவிடுறதெல்லாம் இது வழியாத்தான் போகுது. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் சின்னவள், மூக்கைப் பொத்தாமல்.